முதல் ரேட்டிங் ஆட்டம்: பெயர் கொடுப்பதிலிருந்து அலசி முடிப்பது வரை

1500 ரேட்டிங் (ஆட்ட பலத்தைக் காட்டும் எண்) அளவில் இருக்கும் இரண்டு பேர் ஆடிய சதுரங்க ஆட்டத்தின் ஸ்கோர்ஷீட்டை, அதாவது நகர்வுகளை எழுதிய தாளை, வாங்கி கம்ப்யூட்டரில் ஓட்டிப் பாருங்கள். முதல் பத்துப் பன்னிரண்டு நகர்வுகள் பெரும்பாலும் சமமாகவே போயிருக்கும். அப்புறம் ஒருவர் ஒரு காயைக் காவல் இல்லாமல் விட்டிருப்பார். எதிராளி அதைக் கவனித்திருக்க மாட்டார். நான்கு நகர்வு தள்ளி அவரும் ஒன்றை விட்டிருப்பார், அதை இவர் பிடித்திருப்பார். ஆட்டம் முடிந்தது.

ஓபனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள்) வீடியோக்களில் பொழுதைக் கழிக்கும் பலருக்கு இது கசக்கும். ஆனால் அமெச்சூர் ஆட்டம் இப்படித்தான் முடிவாகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் ஓபனிங்குக்குக் கொஞ்சம் இடம்தான். நேரத்தையும் கவனத்தையும் எந்த இடத்தில் கொட்டுவது, எந்த விதி தெரியாமல் ஜெயித்த ஆட்டம் கை நழுவும் என்பதற்கே அதிக இடம். பள்ளிப் பருவம் தாண்டி, வேலை பார்த்துக்கொண்டே முதல்முறை ரேட்டிங் போட்டிக்குப் போகிறவரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. பெயர் கொடுக்கும் முன்

போட்டி அறிவிப்பில் முதலில் நேரக் கட்டுப்பாட்டைப் பாருங்கள். ஒருவருக்கு 10 நிமிடமோ அதற்குக் குறைவோ என்றால் பிளிட்ஸ். அதற்கு மேல் 60 நிமிடத்துக்குள் ராபிட். 60 நிமிடமோ அதற்கு மேலோ என்றால் கிளாசிக்கல். மூன்றுக்கும் தனித்தனி ரேட்டிங். ஆட்டம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் கிளாசிக்கலில் தொடங்குங்கள். நம் ஊர்களில் அதிகம் பார்ப்பது 90 நிமிடமும் ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடியும் கூடும் ஏற்பாடு.

ரேட்டிங் வாங்க உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் அடையாள எண் வேண்டும். அது அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்பில் பதிவு செய்வதன் வழியாக வரும். கடைசி நாள் வரை தள்ளிப்போடாதீர்கள். '1800க்குக் கீழே', '1600க்குக் கீழே' என்று எல்லை வைத்த போட்டிகளும் நடக்கின்றன. புதியவருக்கு அவை நல்ல இடம்.

முதல் ரேட்டிங் கிடைக்க, ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். எல்லாம் ஒரே போட்டியில் நடக்க வேண்டியதில்லை. முதல் போட்டியில் பூஜ்யம் எடுத்தால் அது கணக்கிலேயே சேராது, ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. 2024 மார்ச் 1 முதல் ரேட்டிங்கின் அடிமட்டம் 1400. அதற்கு முன் 1000 ஆக இருந்தது. பழைய பட்டியலில் 1100 என்று இருந்தவர் இன்று 1460 என்று தெரிவது அன்று 2000க்குக் கீழே இருந்த எல்லோருக்கும் நடந்த மறுசீரமைப்பால்தான். திடீரென்று பலசாலி ஆகிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

2. முந்தைய நாள்

ஜோடிப் பட்டியல் வந்ததும் எதிராளியின் பெயரைத் தேடி, ரேட்டிங்கைப் பார்த்து, வயிற்றைக் கலக்கிக்கொள்வது எல்லோரும் செய்வது. வெள்ளையா கறுப்பா என்பதைப் பாருங்கள், பலகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், போதும். எதிரே உட்காரப்போவது மூன்றாம் வகுப்புப் படிக்கும் குழந்தையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வேகமாக வளரும் குழந்தைகளின் ரேட்டிங் அவர்களுடைய உண்மையான பலத்துக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். 1450 என்று போட்டிருந்தாலும் 1700 போல ஆடலாம். 'சின்னப் பிள்ளைதானே' என்று வேகமாக ஆடித் தோற்ற பெரியவர்கள் எல்லா ஹாலிலும் இருக்கிறார்கள்.

ஓபனிங்கைப் பொறுத்தவரை, வெள்ளைக்கு ஒன்று, எதிராளி ஈ4 கட்டத்துக்குச் சிப்பாயைத் தள்ளித் தொடங்கினால் ஒன்று, டி4க்குத் தள்ளினால் ஒன்று என மூன்று போதும். அதிலும் முதல் எட்டு நகர்வும், அதன் பிறகு காய்கள் எங்கே போக விரும்புகின்றன என்பதும் தெரிந்தால் சரி. முந்தைய இரவு புது ஓபனிங் எதையும் தொடாதீர்கள். மீதி நேரம் இருந்தால் எளிய புதிர்கள் இருபது போட்டுவிட்டுத் தூங்குங்கள். கடினமான புதிர் வேண்டாம். கண் கூர்மையாக இருந்தால் போதும், மூளை களைக்கக் கூடாது.

3. பலகைக்கு முன்

செல்போன். இதை முதலில் சொல்லியாக வேண்டும். போட்டி நடக்கும் இடத்தில் உங்கள் உடலோடு ஒரு மின்னணுக் கருவி இருப்பது தெரிந்தால், விதிப்படி ஆட்டம் போய்விடும். அணைத்து வைத்திருந்தேன், ஒலி வரவில்லை என்பதெல்லாம் வாதம் ஆகாது. ஸ்மார்ட் வாட்சும் இதில் அடக்கம். வீட்டாரிடம் கொடுங்கள், அல்லது ஏற்பாட்டாளர்கள் சொல்லும் இடத்தில் ஒப்படையுங்கள்.

தாமதத்துக்கு எவ்வளவு நேரம் பொறுப்பார்கள் என்பதைப் போட்டியின் விதிமுறையில் பாருங்கள். அங்கே எதுவும் சொல்லவில்லை என்றால் பொறுக்கும் நேரம் பூஜ்யம். தொடங்கும் நேரத்தில் நாற்காலியில் இல்லாதவர் தோற்றவர்.

பேனா இரண்டு எடுத்துப் போங்கள். ஸ்கோர்ஷீட்டில் பெயர், பலகை எண், ரவுண்ட் எழுதுங்கள். காய்கள் சரியாக அடுக்கப்பட்டிருக்கின்றனவா, வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம் இருக்கிறதா, கிளாக்கில் 90 நிமிடமும் 30 விநாடி கூடுதலும் போட்டிருக்கிறார்களா என்று ஒரு பார்வை. கை குலுக்கியதும், ஆர்பிட்டர் (நடுவர்) சொன்ன பிறகு, கறுப்பு ஆடுபவர் வெள்ளையின் கடிகாரத்தை ஓட விடுவார்.

நகர்வு எழுதுவதில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்றுதான்: ஆங்கிலக் குறியீட்டில் ராஜாவுக்கு 'கே', குதிரைக்கு 'என்'. வீட்டில் இரண்டு ஆட்டம் எழுதிப் பழகினால் வந்துவிடும். நகர்வை ஆடிய பிறகுதான் எழுத வேண்டும். முதலில் எழுதிவிட்டு, பார்த்துவிட்டு, பிறகு ஆடும் பழக்கத்தை ஒரு காலத்தில் பயிற்சியாளர்களே சொல்லிக் கொடுத்தார்கள்; இப்போதைய விதி அதை அனுமதிப்பதில்லை. ஆனால் மீதமுள்ள நேரத்தை ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். ஐந்து நகர்வுக்கு ஒருமுறை குறியுங்கள். ஆட்டம் முடிந்து அலசும்போது இதன் அருமை தெரியும்.

4. கை விஷயம்

நண்பர்களோடு ஆடிப் பழகியவரின் கைதான் ரேட்டிங் ஆட்டத்தில் முதல் எதிரி. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். எதிராளியின் காயை வேண்டுமென்றே தொட்டால், வெட்ட முடிந்தால் வெட்டியே ஆக வேண்டும். கோணலாக நிற்கும் காயைச் சரிசெய்ய நினைத்தால் உங்கள் முறையில், தொடுவதற்கு முன்பே, 'அட்ஜஸ்ட்' என்று காதில் விழும்படி சொல்லுங்கள். தொட்டுவிட்டுச் சொல்வது செல்லாது.

கோட்டை கட்டும்போது முதலில் ராஜாவைத் தொட்டு இரண்டு கட்டம் நகர்த்துங்கள், பிறகு யானை, எல்லாம் ஒரே கையால். இரண்டு கையாலும் செய்து கிளாக்கை அழுத்தினால் அது விதிமீறிய நகர்வுக்குச் சமம். எந்தக் கையால் காயை நகர்த்தினீர்களோ அதே கையால்தான் கிளாக்.

சிப்பாய் கடைசி வரிசைக்குப் போகும்போது பக்கத்தில் ராணி இல்லை என்றால் கிளாக்கை நிறுத்தி ஆர்பிட்டரிடம் கேளுங்கள். யானையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து 'இது ராணி' என்று சொல்வது வீட்டு வழக்கம். போட்டியில் அது யானைதான். சிப்பாயை அப்படியே கடைசிக் கட்டத்தில் விட்டுக் கிளாக்கை அழுத்தினாலும் விதிமீறல்.

கிளாசிக்கலில் முதல் விதிமீறலுக்கு எதிராளிக்கு 2 நிமிடம் கூடும். இரண்டாவது முறை செய்தால் ஆட்டம் போகும். எதிராளி செய்தால் நீங்களே தீர்ப்பு சொல்லாதீர்கள். கிளாக்கை நிறுத்துங்கள், கையைத் தூக்குங்கள், ஆர்பிட்டர் வருவார்.

5. முதல் பத்து நகர்வு

நடுக்கட்டங்களில் சிப்பாய், குதிரைகளும் பிஷப்புகளும் வெளியே, ராஜா கோட்டைக்குள். தெரிந்ததுதான். தெரிந்த வரிசையிலிருந்து எதிராளி விலகும் நேரத்தில்தான் கவனம் வேண்டும். 'இது தியரியில் இல்லையே, அப்படியென்றால் தப்பு, இதை உடனே தண்டிக்க வேண்டும்' என்று கை துடிக்கும். பெரும்பாலும் தண்டிக்க ஒன்றும் இருக்காது. அந்த இடத்தில் நிறுத்தி மூன்று நிமிடம் செலவழியுங்கள். அந்த நகர்வு எதை மிரட்டுகிறது, எதைக் கைவிட்டது என்று பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் உங்கள் காய்களை வெளியே எடுக்கும் வேலையைத் தொடருங்கள்.

6. ஆட்டம் முடிவாகும் இடம்

இந்தப் பகுதியைப் பலகை வைத்துக்கொண்டு படியுங்கள். கட்டத்தின் பெயரில் எழுத்து, வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ முதல் எச் வரை; எண், வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை.

வெள்ளை சிப்பாய் ஈ4, கறுப்பு சிப்பாய் ஈ5. வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்பு சிப்பாய் டி6. வெள்ளை பிஷப் சி4, கறுப்புக் குதிரை சி6. வெள்ளையின் அடுத்த குதிரை சி3, கறுப்பு பிஷப் ஜி4. அமெச்சூர் ஆட்டங்களில் அடிக்கடி வரும் நிலை இது.

ஜி4 பிஷப், எஃப்3 குதிரையைக் கட்டிப் போட்டிருக்கிறது. குதிரை நகர்ந்தால் பின்னால் டி1ல் ராணி போகும். ஆனால் 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஆட்டக்காரர் லெகாலின் பெயரால் வழங்கும் பொறியைப் பார்த்தவருக்கு இங்கே கண் மின்னும். குதிரையால் ஈ5 சிப்பாயை வெட்டுவோம். கறுப்பு ஆசைப்பட்டு ராணியை வெட்டினால், சி4 பிஷப் எஃப்7ஐ வெட்டிச் செக். ராஜா ஈ7க்கு வர வேண்டும். சி3 குதிரை டி5க்குப் போனால் மேட். ராணியைக் கொடுத்து மூன்று சிறு காய்களால் மேட்! யாருக்குத்தான் ஆசை வராது?

ஆடிவிடாதீர்கள். ஈ5ல் வெட்டிய பிறகு கறுப்புக்கு எத்தனை பதில் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ராணியை வெட்டலாம்: மேட். டி6 சிப்பாயால் குதிரையை வெட்டலாம்: வெள்ளை ராணி ஜி4 பிஷப்பை வெட்டி ஒரு சிப்பாய் லாபம். மூன்றாவது, சி6 குதிரையால் வெட்டலாம். அந்தக் குதிரை ஈ5ல் வந்து நின்றதும் ஜி4 பிஷப்புக்குக் காவலாகிவிட்டது. போதாததற்கு சி4 பிஷப்பையும் மிரட்டுகிறது. வெள்ளை ராணி தப்பி ஓட வேண்டும். ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரை போனதுதான் மிச்சம்.

அதே நிலையில் வெள்ளை முதலில் எச்3 சிப்பாயைத் தள்ளி, பிஷப் எச்5க்குப் பின்வாங்கினால் கதையே வேறு. இப்போது குதிரையால் ஈ5ஐ வெட்டுங்கள். கறுப்புக் குதிரை திருப்பி வெட்டினால், எச்5 பிஷப்புக்கு அது காவல் இல்லை. வெள்ளை ராணி பிஷப்பை வெட்டும். கறுப்புக் குதிரை சி4 பிஷப்பை வெட்டும். இப்போது ராணி எச்5லிருந்து பி5க்குப் போய்ச் செக் கொடுக்கும், அடுத்த நகர்வில் சி4 குதிரையையும் எடுக்கும். கணக்குப் பார்த்தால் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம். ஓரத்தில் ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியதில் முழு முட்டாள்தனம் நல்ல நகர்வாகிவிட்டது.

இந்த உதாரணத்தை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் உண்டு. நாம் கணக்குப் போடும்போது நமக்குப் பிடித்த பதிலோடு நிறுத்திக்கொள்கிறோம். எதிராளி ராணியை வெட்டுவார் என்று நாம் விரும்புகிறோம், அதனால் அவர் அதையே ஆடுவார் என்று நம்பிவிடுகிறோம். குதிரையால் வெட்டும் பதில் கண் முன்னாலேயே இருக்கும், பார்வை அதன் மேல் போகாது.

ஆகவே ஒவ்வொரு நகர்வுக்கும் முன்பு, கையை மடியில் வைத்துக்கொண்டு, எதிராளியின் பக்கத்திலிருந்து மூன்றைத் தேடுங்கள்: அவர் கொடுக்கக்கூடிய எல்லாச் செக்குகள், எல்லா வெட்டுகள், அடுத்த நகர்வில் செய்யக்கூடிய மிரட்டல்கள். 'எல்லா' என்பதை அழுத்திச் சொல்கிறேன். அபத்தமாகத் தெரியும் வெட்டையும் சேர்த்துத்தான். பழகிவிட்டால் இதற்கு அரை நிமிடம்தான் ஆகும். எதிராளி ஆடி முடித்ததும் முதலில் கேட்க வேண்டியதும் இதுவே: இந்த நகர்வால் புதிதாக எது மிரட்டப்படுகிறது? எந்தக் கட்டத்தின் காவல் போனது?

நிலையில் சிறப்பாக ஒன்றும் இல்லை, என்ன ஆடுவது என்றே தெரியவில்லை என்றால், உங்கள் காய்களில் மிக மோசமாக நிற்பது எது என்று பார்த்து அதை நல்ல இடத்துக்குக் கொண்டுபோங்கள். அமெச்சூர் அளவில் இதைவிடப் பெரிய திட்டம் அநேகமாகத் தேவைப்படாது.

7. கிளாக்கைச் செலவழிப்பது

90 நிமிடமும் 30 விநாடியும் என்றால், 40 நகர்வுள்ள ஆட்டத்துக்கு மொத்தம் 110 நிமிடம் கையில் இருக்கிறது. சராசரியாக நகர்வுக்கு இரண்டே முக்கால் நிமிடம். ஆன்லைனில் மூன்று நிமிட ஆட்டம் ஆடிப் பழகியவர்கள் 40 நகர்வை 25 நிமிடத்தில் முடித்து, கிளாக்கில் 85 நிமிடம் மிச்சம் வைத்துத் தோற்பார்கள். அந்த மிச்சத்தை அடுத்த ரவுண்டுக்கு எடுத்துப்போக முடியாது.

எல்லா நகர்வுக்கும் சமமாகப் பங்கு போடுவதும் தவறு. தெரிந்த ஓபனிங்குக்கு மொத்தமாக ஐந்து பத்து நிமிடம். ஒரு காயை வெட்டிக்கொண்டால் திருப்பி வெட்ட ஒரே வழிதான் என்றால் அரை நிமிடம். ராணிகளை மாற்றிக்கொள்ளலாமா, சிப்பாயைத் தள்ளலாமா, ராஜாவுக்கு எதிராகக் காயைக் கொடுக்கலாமா என்பது போன்ற திரும்பிப் போக முடியாத முடிவுகளுக்குப் பத்து நிமிடம்கூடக் கொடுக்கலாம். ஒரு ஆட்டத்தில் அப்படி மூன்று நான்கு இடங்கள்தான் வரும்.

எதிராளியின் முறையில் எழுந்து நடக்கலாம். உங்கள் முறை ஓடும்போது ஆர்பிட்டரைக் கேட்காமல் ஆடும் பகுதியை விட்டுப் போகக் கூடாது. பக்கத்துப் பலகையை வேடிக்கை பார்ப்பதில் தவறில்லை, ஆனால் முகத்தில் ஒன்றும் காட்ட வேண்டாம்.

8. டிரா

டிரா கேட்கும் முறை: நகர்வை ஆடுங்கள், டிரா கேளுங்கள், கிளாக்கை அழுத்துங்கள், ஸ்கோர்ஷீட்டில் சமக்குறி போடுங்கள். எதிராளி யோசித்துக்கொண்டிருக்கும்போது கேட்பதும், நகர்வுக்கு நகர்வு கேட்பதும் தொந்தரவு. ஆர்பிட்டரிடம் புகார் போகும்.

அதே நிலை மூன்றாவது முறை வரப்போகிறது என்றால், உங்கள் நகர்வை ஆடாமல் ஸ்கோர்ஷீட்டில் மட்டும் எழுதி, ஆர்பிட்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நகர்வை ஆடிக் கிளாக்கை அழுத்திவிட்டால் அந்த வாய்ப்பு போனது. (நகர்வை முன்கூட்டி எழுத விதி அனுமதிப்பது இப்படி டிரா கோரும்போது மட்டும்.) ஐந்தாவது முறை வந்தால் யாரும் கேட்காமலே டிரா.

தன்னைவிட 300 புள்ளி அதிகமுள்ளவர் டிரா கேட்டால் மறு யோசனை இல்லாமல் கை நீட்டுவது பலரின் வழக்கம். நான் அதற்கு எதிர்க்கட்சி. பலசாலி ஒருவர் டிரா கேட்கிறார் என்றால் அவர் நிலை அவருக்கே பிடிக்கவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். ஐந்து நிமிடம் எடுத்துப் பலகையைப் பாருங்கள். அதற்குப் பிறகும் டிரா வேண்டும் என்று தோன்றினால் சரி.

9. எண்ட்கேம்

அமெச்சூர்களில் முக்கால்வாசிப் பேர் படிக்காதது இது. ஒரே ஒரு நிலையாவது கைவசம் இருக்கட்டும். வெள்ளை ராஜா ஈ4, வெள்ளை சிப்பாய் ஈ3, கறுப்பு ராஜா ஈ6. இப்போது கறுப்பின் முறை என்றால் வெள்ளைக்கு வெற்றி. வெள்ளையின் முறை என்றால் டிரா. யார் வழி விடுகிறாரோ அவருக்கு நஷ்டம். இதே நிலையில் சிப்பாய் ஈ3க்குப் பதில் ஈ2ல் இருந்தால், வெள்ளையின் முறையாக இருந்தாலும் வெற்றிதான். சிப்பாயை ஈ3க்குத் தள்ளி, வழி விடும் கட்டாயத்தைக் கறுப்பின் தலையில் கட்டிவிடலாம். ஆகவே சிப்பாயை அவசரமாக ஓட்டாதீர்கள். ராஜா முன்னே, சிப்பாய் பின்னே.

ஓரத்துச் சிப்பாயோடு பிஷப் மட்டும் மிஞ்சினால், சிப்பாய் ராணியாகும் கட்டமும் பிஷப்பின் கட்டமும் ஒரே நிறமா என்று பாருங்கள். வேறு நிறம் என்றால், எதிராளி ராஜா மூலைக்குப் போய்விட்டால் டிரா. யானை எண்ட்கேம்கள் இன்னும் அதிகம் வரும், ஆனால் அவற்றுக்குத் தனியாகவே உட்கார வேண்டும்.

ஜெயிக்கும் நிலையில் இருக்கும்போது ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே எதிராளிக்கு ஆட நகர்வு இல்லாமல் போய் டிரா ஆவது) வராமல் பாருங்கள். எதிராளிக்கு ராஜா மட்டும் மிஞ்சியிருந்தால், ஒவ்வொரு நகர்வுக்கும் முன் 'அவனுக்குப் போக ஒரு கட்டம் இருக்கிறதா?' என்று கேளுங்கள். இரண்டு ராணி வைத்துக்கொண்டு டிரா செய்த குழந்தையின் அழுகை ஹாலுக்கு வெளியே அடிக்கடி கேட்கும்.

10. முடிந்த பிறகு

ராஜினாமா என்றால் தெளிவாகச் சொல்லிக் கிளாக்கை நிறுத்துங்கள். முடிவை இரண்டு ஸ்கோர்ஷீட்டிலும் எழுதி இருவரும் கையெழுத்து போட வேண்டும். கையெழுத்துக்கு முன் முடிவு சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஜெயித்தவர் பெயர் மாறி ஏறிவிட்டால் திருத்த அலைய வேண்டும். காய்களை அடுக்கி வைத்துவிட்டு எழுந்திருங்கள்.

எதிராளிக்கு மனமிருந்தால் ஹாலுக்கு வெளியே பத்து நிமிடம் சேர்ந்து பாருங்கள். 'இங்கே நீங்கள் எதற்குப் பயந்தீர்கள்?' என்று கேளுங்கள். அவர் பயந்தது உங்கள் கண்ணிலேயே பட்டிருக்காது. எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லாத தகவல் அது.

பிறகு வீட்டில், கம்ப்யூட்டர் இல்லாமல் ஆட்டத்தை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முக்கிய இடத்திலும் அன்று என்ன நினைத்தீர்கள் என்று எழுதுங்கள். ஓரத்தில் குறித்த நேரம் இப்போது உதவும்: தவறிய நகர்வுக்கு எவ்வளவு செலவழித்தீர்கள்? பத்து விநாடியில் ஆடியது என்றால் அது அவசரம், எட்டு நிமிடம் யோசித்து ஆடியது என்றால் கணக்கில் ஓட்டை. இரண்டுக்கும் மருந்து வேறு. முன்னதற்கு அந்த மூன்று கேள்விப் பழக்கம், பின்னதற்குப் புதிர்ப் பயிற்சி.

அதற்குப் பிறகே ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க மென்பொருளைத் திறங்கள். இலவசம்தான், லிச்செஸ் என்ற ஆன்லைன் சதுரங்கத் தளத்திலேயே இருக்கிறது. ஒரு சிப்பாயை ஒரு புள்ளியாகக் கொண்டு அது காட்டும் 0.3, 0.5 வித்தியாசங்களை விட்டுவிடுங்கள். மதிப்பீடு ஒரே நகர்வில் இரண்டு புள்ளிக்கு மேல் சரிந்த இடங்களை மட்டும் பாருங்கள்.

ரேட்டிங் கணக்கு தெரிந்துகொள்ள ஆசைப்படுவீர்கள். ஃபிடே ரேட்டிங் கிடைத்து, மொத்தம் 30 ஆட்டம் முடியும் வரை உங்கள் கே எண் (ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் அதிகபட்சம் எவ்வளவு மாறலாம் என்பது) 40. சம ரேட்டிங்காரரை ஜெயித்தால் 20 புள்ளி ஏறும், தோற்றால் 20 இறங்கும். 200 புள்ளி அதிகமுள்ளவரோடு தோற்றால் பத்துப் புள்ளிக்குள்தான் போகும், ஜெயித்தால் முப்பது அளவில் வரும். ஆகவே புதியவரின் ரேட்டிங் ஊஞ்சலாடும். முதல் இரண்டு மூன்று போட்டியில் அதைப் பார்த்துக் கொண்டாடவும் வேண்டாம், குமுறவும் வேண்டாம்.

ஒரே நாளில் இரண்டு ரவுண்ட் இருந்தால் மேலே சொன்ன அலசலை இரவுக்குத் தள்ளிவிடுங்கள். காலை ஆட்டம் முடிந்ததும் சாப்பிடுங்கள், ஆனால் வயிறு நிறைய பிரியாணி வேண்டாம், மதிய ரவுண்டில் கண் சொருகும். தயிர்சாதமோ இரண்டு வாழைப்பழமோ போதும். ஸ்கோர்ஷீட்டின் நகலைப் பையில் போடுங்கள், அடுத்த ஜோடிப் பட்டியல் ஒட்டும் வரை கொஞ்சம் வெளிக்காற்றில் நடங்கள்.